எண்பத்தேழில் ஒன்று

திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பெட்டி வந்து சேர்கிறதென்றால், ஓடி ஓடிக் குலுங்கிவிட்டது என்று அர்த்தம். 1920-களின் இறுதியில் தென்னிந்திய ரயில்வே தன் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே பெயர்த்துக்கொண்டு வந்த காலம்தொட்டு அதே வேலைதான். போல்ட் தளர்ந்து, சக்கரம் தேய்ந்து வருவதை அவிழ்த்து, மறுபடி பூட்டி அனுப்புகிறார்கள். நீலகிரி மலை ரயிலின் பல்சக்கர இன்ஜின்களும் இங்கேதான் வரும். இத்தனை இரும்பையும் தளர்த்தும் குலுக்கலை, கைக்கு அடக்கமான ஒரு வேகன் எப்படித் தாங்கும்? வேனுக்குள்ளும் பழைய ரயில் பெட்டிக்குள்ளும் மாடல் ரயில் லேஅவுட் கட்டுகிறவர்களை நினைத்தால் இந்தக் கேள்விதான் வருகிறது.

*

மாடல் ரயிலில் எச்.ஓ. என்ற அளவு அசலில் 87-ல் ஒரு பங்கு. 21 மீட்டர் சொச்சம் நீளமுள்ள ஐ.சி.எஃப். பெட்டி இருபத்து நான்கரை சென்டிமீட்டர் ஆகிவிடும். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். கணக்குப்படி 19 மில்லிமீட்டர் வரவேண்டும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5. அயல்நாட்டுப் பாதைக்கு வைத்த அளவு. இந்தச் சொற்ப வித்தியாசத்தில் மனக்குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரிதாகத் தோன்றியதில்லை.

*

சுருங்காதவைதான் என்னை யோசிக்க வைக்கின்றன.

வேன் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி, பத்து சென்டிமீட்டர் கீழே விழுகிறது. உள்ளே இருக்கும் சின்ன ஊருக்கு அது கிட்டத்தட்ட 8.7 மீட்டர் பள்ளம். திருச்சி வெயிலில் நிறுத்திய வேனுக்குள் 30 டிகிரி சூடு கூடினால், 5 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அந்த ஊரின் அளவில் அது இருபது சென்டிமீட்டருக்கு மேல். இடைவெளி விடாமல் பதித்தவருடைய பாதை பாம்பாய் நெளியும். தூசியும் அப்படியே, நம் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே புகுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். உருவத்தைச் சுருக்கலாம். வெயிலையும் மேடுபள்ளத்தையும் சுருக்க யாராலும் ஆகாது.

*

ஆகவே வீடும் மரமும் பசையால் ஒட்டியிருக்கும். வயர்களை இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தொய்வாக விடவேண்டும். புறப்படுமுன் இன்ஜினையும் வேகன்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்பாஞ்ச் பெட்டியில் படுக்க வைக்கவேண்டும். போய்ச் சேர்ந்ததும் ரசமட்டம் வைத்து, ஜாக்கி கொடுத்து, வண்டியைச் சமமாக்கிய பிறகுதான் கரண்ட். வண்டி ஓடினால் ரயில் ஓடாது. ரயில் ஓடவேண்டுமென்றால் வண்டி நின்றாகவேண்டும். நடமாடும் லேஅவுட் என்கிறோம். உண்மையில் அது நிற்கத் தெரிந்தவர்களின் கலை.

*

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற ரயில் பெட்டிகளுக்குள் மாடல் ரயில் சங்கங்கள் நிரந்தர லேஅவுட் கட்டியிருக்கின்றன. நம் நாட்டில் புனேயின் பாவ்சாகேப் ஜோஷி சிறுரயில்களுக்கென்றே 1998-ல் ஒரு மியூசியம் திறந்தார். பெட்டிக்குள் வேறு உலகம் வைப்பதும் நமக்குப் புதிதல்ல. 1991 முதல் லைஃப்லைன் எக்ஸ்பிரஸில் ஆபரேஷன் தியேட்டரே ஓடுகிறது. 2007-ல் புறப்பட்ட சயின்ஸ் எக்ஸ்பிரஸ் கண்காட்சியோடு ஊர் ஊராய்ப் போனது. கத்தியும் நுண்ணோக்கியும் பயணம் போன நாட்டில் ஒரு பொம்மை ஊர் போகமுடியாதா?

*

பொன்மலையிலேயே ஒரு பெட்டி கொடுத்தால் என்ன கட்டலாம்? 160-ல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவு என்றால், திருச்சி ஜங்ஷனிலிருந்து பொன்மலை வரையிலான ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் 19 மீட்டராகிவிடும். ஒரு ஐ.சி.எஃப். பெட்டிக்குள் நீளவாக்கில் அப்படியே அடங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அசல் ரயில் மூன்று நிமிடத்தில் கடக்கிறது. அதற்கு ஒப்பான வேகத்தில், நொடிக்குப் பத்து சென்டிமீட்டராக, மாடல் ரயிலும் அதே மூன்று நிமிடம்தான் எடுக்கும். ஜன்னலோரம் நிற்கிறவர் அதனோடு மெல்ல நடந்து வரலாம். இத்தனை மெதுவாக ஓடவிட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மூன்று மடங்கு வேகத்தில் விடுவார்கள்.

வேன்தான் கிடைக்கும் என்றால் ஷண்டிங் யார்டு போதும். இங்கிலாந்தின் ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் அமைப்பில் மூன்று சைடிங், எட்டு வேகன். அவற்றில் ஐந்தைச் சொன்ன வரிசையில் கோத்துத் தரவேண்டும். 6,720 விதமான வரிசைகள் வரும். தடம் மாற்றும் பாயிண்ட் இரண்டே இரண்டு. பொன்மலையில் பணி ஓய்வு பெற்ற ஷண்டிங் மாஸ்டர் எவரையாவது முதலில் விளையாட உட்கார வைக்கவேண்டும். நம் கை இன்ஜினை எங்கெங்கே வீணாக அலைக்கழிக்கிறது என்று அவர் சொல்வார்.