எதிரிக்கும் நெஞ்சு படபடக்கும்

லிங்கனின் தோல்விப் பட்டியலை வாசிக்காமல் நம் ஊர்த் தன்னம்பிக்கைப் பேச்சாளர் எவரும் மேடையை விட்டு இறங்குவதில்லை. கடை நொடித்தது, தேர்தலில் தோற்றார், மறுபடி தோற்றார், கடைசியில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். உடனே கைதட்டல்! சரி, அவர் பதவிக்கு வந்ததும் நாடே இரண்டாகப் பிளந்ததே, அந்தப் போரை அவருக்கு வென்று கொடுத்தவர் யார்? அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அந்த மனிதரின் தோல்விகளுக்கு முன்னால் லிங்கனுடைய பட்டியல் தூசு.

தம்பி, தங்கச்சி! வேலை கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை என்று சுருண்டு கிடக்கிறாயா? முப்பது தாண்டியும் அப்பா தயவில் சாப்பிடுகிறோமே என்று கூசுகிறதா? எழுந்து உட்கார். யுலிஸிஸ் எஸ். கிராண்ட் என்ற தளபதியின் கதையைக் கேள்.

1822-ல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். அந்த வாடையும் ரத்தமும் மகனுக்கு ஆகவே ஆகாது. வளர்ந்த பிறகும் கறியைக் கருகக் கருக வறுத்தால்தான் தொடுவார். அவருக்குப் பிடித்தது குதிரை ஒன்றுதான். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்ததுகூட அப்பாவின் பிடிவாதத்தால். அந்தக் கல்லூரியையே மூடிவிடலாம் என்று நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா விவாதிக்கப்பட்டபோது, அது நிறைவேறிவிடாதா என்று செய்தித்தாளை ஆவலோடு புரட்டிய மாணவர் அவர்! 39 பேரில் 21-வது ஆளாகத் தேறி வெளியே வந்தார்.

மெக்சிகோ போரில் அவருக்குக் கிடைத்த பொறுப்பு என்ன தெரியுமா? படைக்குச் சோறு, குதிரைக்குத் தீவனம், வண்டி, கோவேறு கழுதை. இந்த வேலை வேண்டாம், என்னைச் சண்டைக்கு அனுப்புங்கள் என்று மேலதிகாரிக்கு எழுதிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

போர் முடிந்தது. காதலித்த ஜூலியாவை 1848-ல் மணந்தார். நான்கு வருடத்தில், மனைவியையும் பிள்ளைகளையும் பிரிந்து பசிபிக் கரைக்குப் போகும்படி உத்தரவு. சம்பளம் போதாமல் உருளைக்கிழங்கு பயிரிட்டார். ஆற்று வெள்ளம் வந்து கெடுத்தது. சான் பிரான்சிஸ்கோவுக்குப் பனிக்கட்டி அனுப்பினார். கப்பல் தாமதமாகி நஷ்டம். தனிமை, கூடவே குடி. 1854-ல் வேலையை ராஜினாமா செய்தார். 'குடிகாரன்' என்ற பேச்சு அதன் பிறகு அவரை விடவே இல்லை.

செயின்ட் லூயிஸ் அருகே மாமனார் கொடுத்த நிலத்தில் தன் கையால் மரம் வெட்டி வீடு கட்டினார், உழுதார். விளைச்சல் கைகொடுக்கவில்லை. ராணுவக் கல்லூரியில் படித்த கேப்டன், பழைய ராணுவக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நகரத் தெருக்களில் வண்டியில் விறகு விற்றார். 1857 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு தன் தங்கப் பைக்கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார்.

அந்த வறுமையில் ஒரு காரியம் செய்தார் பார், அங்கேதான் எனக்கு இந்த மனிதர் மேல் மரியாதை பிறந்தது. அவர் பெயரில் வில்லியம் ஜோன்ஸ் என்ற கறுப்பின அடிமை ஒருவர் இருந்தார். விற்றிருந்தால் நல்ல பணம் கிடைத்திருக்கும். 1859-ல் நீதிமன்றத்துக்குப் போய், ஒரு காசு வாங்காமல், ஜோன்ஸை விடுதலை செய்து கையெழுத்துப் போட்டார். மாமனாரோ அடிமைகளை வைத்திருந்த பெரிய பண்ணைக்காரர்!

பிறகு வீட்டு மனைத் தரகு, அதுவும் படுத்தது. மாவட்டப் பொறியாளர் வேலைக்கு விண்ணப்பித்தார், வேறு ஆளுக்குப் போனது. வேறு வழியில்லாமல் 1860-ல் இல்லினாய் மாநிலத்தின் கலீனா ஊரில் அப்பாவின் தோல் கடைக்குப் போனார். தம்பிகள் நடத்தும் கடையில் அண்ணன் குமாஸ்தா. சிறுவயதில் ஓடி ஒளிந்த அதே தோல் வாடை. வயது 38.

1861 ஏப்ரலில் லிங்கனின் வடக்குக்கும் பிரிந்துபோன தெற்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. பயிற்சி பெற்ற அதிகாரிகளுக்கு நாடு தவித்த நேரம். கிராண்ட் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். பதிலே இல்லை. பழைய ராணுவத்தில் தெரிந்தவரான ஜெனரல் மெக்லெல்லனைப் பார்க்க சின்சினாட்டிக்குப் போய், அலுவலக வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. அதற்கு முன்பு இல்லினாய் ஆளுநர் அலுவலகத்தில் படிவம் நிரப்பும் எழுத்தர் வேலை கிடைத்தது, அதையும் செய்தார். முந்தைய கர்னலால் கட்டுப்படுத்த முடியாத ஒரு முரட்டுப் படைப்பிரிவு, 21-வது இல்லினாய், யாராவது வந்தால் போதும் என்று கிடந்தது. அது இவர் தலையில் விழுந்தது. 'இதெல்லாம் என் தகுதிக்கு ஏற்றதா?' என்று அவர் கேட்கவில்லை. நீ கேட்கிறாய்!

இனி வருவதுதான் இந்தக் கதையின் உயிர். கோடைக்காலம், மிசூரி மாநிலம், ஃப்ளோரிடா என்ற சிற்றூர்ப் பக்கம். டாம் ஹாரிஸ் என்ற எதிரிக் கர்னல் ஒரு பள்ளத்தாக்கில் முகாமிட்டிருக்கிறார், போய்த் தாக்கு என்று உத்தரவு. முதன்முறையாகத் தானே தலைமை. குன்றின் மேல் ஏற ஏற இதயம் மேலே மேலே வந்து தொண்டையில் நின்றுவிட்டது என்று அவரே தன் வரலாற்றில் எழுதுகிறார். எதைக் கொடுத்தாவது இல்லினாய்க்கு ஓடிவிடலாமா என்று தோன்றியதாம். நின்று யோசிக்கத் தைரியம் இல்லாததால்தான் தொடர்ந்து நடந்தேன் என்கிறார். உலகத்தில் எந்தத் தளபதி இப்படி எழுதுவான்!

உச்சிக்கு வந்து பார்த்தால் கீழே முகாமிட்ட தடம் மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. ஹாரிஸ் ஓடிவிட்டார். அந்தக் கணத்தில் கிராண்டுக்கு உறைத்தது: நான் அவனுக்குப் பயந்த அளவு அவனும் எனக்குப் பயந்திருக்கிறான்! அந்த நாளுக்குப் பிறகு எதிரியை நினைத்து அவர் நெஞ்சு அப்படி நடுங்கவே இல்லை.

நண்பா, நேர்முகத் தேர்வு அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாரே, அவருக்குப் பயமில்லை என்றா நினைக்கிறாய்? தவறான ஆளை எடுத்து முதலாளியிடம் திட்டு வாங்குவோமோ என்று அவருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. உன் கடைக்கு எதிரே பெரிய கடை திறந்தவன் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் ராத்திரி புரள்கிறான். உன் பயம் மட்டும் உனக்குக் கேட்கிறது, அவன் பயம் கேட்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். குன்றின் மேல் ஏறிப் பார்க்காதவனுக்கு அது கடைசிவரை தெரியப்போவதில்லை!

அடுத்த பிப்ரவரியில் டென்னசியில் டோனல்சன் கோட்டையைப் பிடித்தார். நிபந்தனையற்ற சரணாகதியைத் தவிர வேறு பேச்சில்லை என்று சொல்லி அனுப்பினார். 12,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். சரணடைந்த தளபதி பக்னர், ராஜினாமா செய்து கையில் காசில்லாமல் நியூயார்க்கில் கிராண்ட் தவித்தபோது உதவிய பழைய நண்பர்.

ஏப்ரலில் ஷைலோ என்ற இடத்தில் சண்டை. விடியற்காலையில் எதிரி வந்து மோதினான். கிராண்ட் எதிர்பார்க்கவே இல்லை; அது அவர் தவறு, மழுப்ப வேண்டாம். மாலைக்குள் படை ஆற்றங்கரை வரை தள்ளப்பட்டது. கொட்டும் மழையில் மரத்தடியில் நின்றிருந்தவரிடம், பின்வாங்கலாமா என்று கேட்க நினைத்து அவருக்குக் கீழிருந்த தளபதி ஷெர்மன் வந்தார். முகத்தைப் பார்த்ததும் கேட்காமல், இன்று நரகம்தான் என்று மட்டும் சொன்னார். ஆமாம், நாளைக்கு அவர்களை அடிப்போம் என்றாராம் கிராண்ட். மறுநாள் அடித்தார். இரு தரப்பிலும் சேர்த்து 23,000-க்கும் மேற்பட்டோர் செத்தும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள். பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. மேலதிகாரி ஹாலெக் அவரை ஓரங்கட்டினார். கிராண்ட் மூட்டை கட்டிக் கிளம்பத் தயாராகிவிட்டார். தடுத்து நிறுத்தியவர் அதே ஷெர்மன். நம்பிக்கை சில நாள் நம்மிடம் இருக்காது, நண்பனிடம் இருக்கும். வாங்கிக்கொள், வெட்கமில்லை.

அடுத்து விக்ஸ்பர்க். மிசிசிபி ஆறு கொண்டை ஊசியாக வளையும் இடத்தில், உயர்ந்த மேட்டின் மேல் பீரங்கிகளோடு நின்ற ஊர். 1862-63 குளிர்காலம் முழுக்க அதை நெருங்க முயன்றார். ஆற்றைத் திருப்பக் கால்வாய் வெட்டினார், பலிக்கவில்லை. ஏரி வழி, யாசூ நீர்வழி, சதுப்புக் கால்வாய் வழி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் தோல்வி. வீரர்கள் காய்ச்சலில் செத்தார்கள். ஆளை மாற்று என்று லிங்கனுக்கு நெருக்கடி.

மெம்ஃபிஸுக்குத் திரும்பிப் போய் முறையாக ஆரம்பிக்கலாம் என்றார் ஷெர்மன். போர் நூல்படி அதுதான் சரி. ஆனால் கிராண்டுக்குச் சிறுவயது முதலே ஒரு மூடநம்பிக்கை: கிளம்பிய வழியில் திரும்பக் கூடாது. வழி தவறினாலும் சுற்றிக்கொண்டு போவாரே தவிர வந்த தடத்தில் திரும்ப மாட்டாராம். நம் ஊரில் பூனை குறுக்கே வந்தால் திரும்பிவிடுகிறோம். அவருடையது எவ்வளவோ மேல்!

ஏப்ரல் 16 இரவு கப்பல்களைப் பீரங்கிகளுக்கு நேர் கீழே ஓடவிட்டார். படையை மறுகரையில் தெற்கே நடத்திப்போய், 30-ம் தேதி ஆற்றைக் கடந்தார். பின்னாலிருந்து வரும் சப்ளையை நம்பாமல், வண்டிகளைப் பிடித்து, போகிற வழியில் கிடைத்ததைத் தின்றுகொண்டு முன்னேறினார். பதினேழு நாளில் ஐந்து சண்டை, ஐந்திலும் வெற்றி. எங்கே கற்றார் இதை? மெக்சிகோவில், வேண்டாம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாரே, அந்தக் கோவேறு கழுதை வேலையில்! கோட்டை மேல் நேரடியாகப் பாய்ந்த இரண்டு தாக்குதல்களும் தோற்றன. முற்றுகை போட்டார். 47 நாள். 1863 ஜூலை 4 அன்று ஏறத்தாழ 29,500 பேர் சரணடைந்தார்கள். உங்கள் திட்டம் தவறு என்று நினைத்தேன், நீங்கள் சரி, நான்தான் தவறு என்று லிங்கன் கைப்படக் கடிதம் எழுதினார்.

1864 மார்ச்சில் வடக்கின் படைகள் அனைத்துக்கும் தலைவர். மே மாதம் வில்டர்னஸ் காட்டில் தெற்கின் தளபதி ராபர்ட் லீயோடு இரண்டு நாள் மோதல், 17,000-க்கும் மேல் இழப்பு. முன்பிருந்த தளபதிகள் இப்படி அடிபட்டதும் வடக்கே திரும்பிவிடுவார்கள். லீ இப்போது என்ன செய்வாரோ என்று ஓர் அதிகாரி பதற, அவர் என்ன செய்வார் என்று புலம்புவதை விட்டுவிட்டு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று யோசி என்று எரிந்து விழுந்தார் கிராண்ட். மே 7 இரவு படை தெற்கே திரும்பியது. களைத்த சிப்பாய்கள் ஆரவாரம் செய்தார்கள்.

பிறகு கோல்ட் ஹார்பர் சண்டையில் கொடுத்த கடைசித் தாக்குதல் உத்தரவுக்காகச் சாகும்வரை வருந்தினார். வருந்த வேண்டியதுதான், ஆயிரக்கணக்கானோர் வீணாகச் செத்தும் காயப்பட்டும் போனார்கள். 1865 ஏப்ரல் 9 அன்று அப்பமாட்டக்ஸில் லீ சரணடைந்தபோது, கிராண்ட் சேறு தெறித்த சட்டையோடு வாள்கூட இல்லாமல் வந்தார். தோற்றவர்கள் குதிரைகளை உழவுக்குக் கொண்டுபோகட்டும் என்றார். பசித்த எதிரிக்கு 25,000 பேருக்கான உணவு அனுப்பினார். வெற்றி வேட்டுச் சத்தத்தை நிறுத்தச் சொன்னார்.

இரண்டு முறை ஜனாதிபதி ஆனார். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கும், அவர்களைக் கொன்ற கூட்டத்தை ஒடுக்கவும் நின்றார். கூட இருந்தவர்களின் ஊழலையோ பார்க்கத் தவறினார். எதிரியை எடைபோடத் தெரிந்தவருக்கு நண்பனை எடைபோடத் தெரியவில்லை. 1884-ல் ஒரு கூட்டாளியின் மோசடியால் மொத்தப் பணமும் போனது. பெரும் செல்வந்தர் வாண்டர்பில்ட்டிடம் வாங்கிய ஒன்றரை லட்சம் டாலர் கடனுக்குத் தன் வாள்களையும் பதக்கங்களையும் எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு தொண்டையில் புற்றுநோய்.

62 வயது, கையில் காசில்லை, விழுங்க முடியவில்லை. மனைவி நடுத்தெருவில் நிற்கக் கூடாதே என்று பேனாவை எடுத்தார். எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் வந்து, லாபத்தில் 70 சதவீதம் தருகிறேன், என் பதிப்பகத்துக்குக் கொடுங்கள் என்றார். வேடிக்கை என்னவென்றால், 1861-ல் ஹாரிஸைத் தேடி கிராண்ட் போன அந்த வட்டாரத்தில்தான் இளைஞர் ட்வெய்னும் எதிர்த்தரப்புச் சிறு படை ஒன்றில் இரண்டு வாரம் இருந்துவிட்டு ஓடிப்போனார்! குரல் போன பிறகு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிப் பேசினார் கிராண்ட். 1885 ஜூலை நடுவில் இரண்டு பாகங்களையும் முடித்தார். 23-ம் தேதி இறந்தார். அடுத்த பிப்ரவரியில் ஜூலியாவின் கையில் ட்வெய்ன் கொடுத்த முதல் காசோலை 2 லட்சம் டாலர்.

பாதியில் விட்ட படிப்பு, அனுப்பாமல் வைத்திருக்கும் விண்ணப்பம், திறக்கத் தயங்கும் கடை... உன்னிடமும் ஒன்று இருக்கும். இன்று ராத்திரி படுப்பதற்கு முன் அதை எடுத்துக் கையில் வை. நெஞ்சு தொண்டைக்கு வந்தால் வரட்டும், நட.