ஐந்தாவது குருவி

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைத் திருப்பலி முடிந்ததும், வேலம்பாளையத்திலிருந்து மறைக்கல்விச் சிறுவர் சிலரை அழைத்துக்கொண்டு நஞ்சராயன் குளத்திற்குச் சென்றிருந்தேன். துணைக்கு வந்தவர் எம் பங்கைச் சார்ந்த ஓர் அன்பர். சாயப்பட்டறையில் பல்லாண்டு உழைத்து ஓய்ந்தவர். கரையில் நின்று பார்த்தோம். நாமக்கோழிகள் கருங்கூட்டமாய் மிதந்தன. புள்ளிமூக்கு வாத்துகள் இரை தேடின. நீர் நடுவே சிறு திட்டில் கொக்குகளும் நாரைகளும் யார்க்கும் அஞ்சாது ஓய்ந்திருந்தன. சிறுவர் விரல் நீட்டி எண்ணத் தொடங்கினர்.

அப்போது அன்பர் மெல்லக் கேட்டார்: "ஏனுங்க சாமி, இந்தப் பறவைங்களுக்கு இத்தனை காவல் இருக்குதுங்க. அந்த வருசம் பட்டறைய மூடுனப்ப எங்க ஊட்டுல அடுப்பு எரியலீங்க. எங்களை எண்ணிப் பார்க்க ஆராச்சும் வந்தாங்களா?"

நான் உடனே விடை சொல்லவில்லை. அவ்வினாவை எளிதில் ஒதுக்க இயலாது.

நஞ்சராயன் குளம் ஏறத்தாழ 126 ஹெக்டேர் பரப்புடையது. ஏக்கர் கணக்கில் 311. நல்லாற்றின் வழியே வரும் மழைநீரே அதன் முதன்மை வரத்து. பல நூற்றாண்டுகளுக்கு முன் இதனைச் செப்பனிட்ட நஞ்சராயன் என்னும் அரசன் பெயரால் வழங்குகிறது என்பர். 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. பின்னலாடைக்கே பெயர் பெற்ற ஊருக்கு இப்படியும் ஒரு பெருமை!

ஆனால் அன்பர் குறிப்பிட்ட ஆண்டு 2011. சாயக்கழிவால் நொய்யல் நதி நிறம் மாறி ஓடிய காலம் அது. பாசனத்திற்கெனக் கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, உழவனுக்கு நீர் தருவதை விட்டுக் கழிவைத் தேக்கும் குட்டையாயிற்று. கீழ்நிலத்து வயல்களும் கிணறுகளும் உவர்த்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. உழவர்க்கு அது நீதி. ஆயினும் மூடிய கதவுக்கு வெளியே நின்றவர் நாட்கூலி பெற்று வாழ்ந்தவர். நதியைக் கெடுத்ததில் மிகக் குறைந்த பங்குடையவர், நதியைக் காப்பதில் மிகக் கூடிய விலை கொடுத்தார்.

அப்படியானால், பறவைக்கு இடங்கொடுப்பது ஏழையின் பங்கைப் பறிப்பதா? பறவைக்கு நாம் ஏன் கடன்பட்டிருக்கிறோம்?

பலர் சொல்லும் முதல் விடை, பறவையால் நமக்குப் பயன் உண்டு என்பது. உண்மைதான். வேடந்தாங்கல் உழவர்கள் இதனை நன்கறிவர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும். வேட்டைக்காரரிடமிருந்து பறவைகளைக் காக்க அவ்வூரார் 1798 அளவிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் உரிமை பெற்றனர்.

ஆனால் பயனையே அளவுகோலாகக் கொண்டால், பயனற்றதாய்த் தோன்றும் பறவையின் கதி என்ன? இன்னும் ஒரு படி சென்று கேட்போம். கண் மங்கித் தையல் இயந்திரத்தின் முன் அமர முடியாத பெண்ணின் கதி என்ன? முதுகு வளைந்த சாயத் தொழிலாளியின் கதி என்ன? பறவையைத் தள்ளும் அதே அளவுகோல்தான் நாளை மனிதனையும் தள்ளுகிறது. ஆர்டர் குறைந்தால் ஆளைக் குறைப்பது அந்த அளவுகோலின் கணக்குத்தானே?

இரண்டாம் விடை நம் மறையின் பேராசிரியரிடமிருந்து வருவது. விலங்குகளிடம் கொடுமை செய்யப் பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான். ஆதலால் அது தகாது என்பார் புனித தோமா அக்குவினாஸ். நல்ல எச்சரிக்கை. எனினும் இதிலும் பறவை நம் நற்பழக்கத்திற்கான பயிற்சிப் பொருளாகவே நிற்கிறது. அவரே வேறோரிடத்தில் இதைவிட ஆழமாகச் சொல்கிறார். இறைவனின் நன்மையை ஒரே படைப்பு முழுமையாகக் காட்ட இயலாது. ஆகவே ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்யுமாறு பலவாகவும் பலவிதமாகவும் படைத்தார் என்கிறார். 2015-இல் வெளிவந்த 'லவ்தாத்தோ சி' திருமடல், பிற உயிர்கள் நமக்கு உதவுவதால் மட்டுமின்றித் தம்மிலேயே மதிப்புடையவை என்று கூறுவதும் இந்த வழியில்தான். அதே மடல், நிலத்தின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது.

ஆண்டவர் குருவிகளைப் பற்றிச் சொன்னதை இங்கே எண்ணிப் பார்ப்போம். மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வரவேண்டும். ஐந்தாவது, கொசுறு! கறிவேப்பிலை போல, விலையின்றிக் கூடையில் விழுந்தது. சந்தை விலை ஏதும் பெறாத அந்த ஐந்தாவதையும் கடவுள் மறப்பதில்லை என்பதே அங்கே கூறப்படும் செய்தி. குருவியைக் கூறியது, கேட்டுக்கொண்டிருந்த ஏழை எளியவர் அஞ்சாதிருக்க வேண்டும் என்பதற்காக.

இதைத்தான் கரையில் அமர்ந்து அன்பரிடம் சொன்னேன். "உங்களை எண்ணாமல் விட்டது பெருந்தவறு. ஆனால் அந்தத் தவறு இந்தப் பறவையால் வந்ததன்று. உங்களையும் இதையும் கொசுறு என்று நினைத்த மனத்தால் வந்தது" என்றேன். அவர் தலையசைத்தார். "சொல்றது சரிங்க சாமி. ஆனா அப்ப சொல்ல ஆளில்லீங்க" என்றார். அச்சொல் என்னையும் சேர்த்தே சுட்டது. நீதியை நாடும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்க மறப்பது, நம் போன்றோர்க்கும் உள்ள குறையே.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே ஊர் முழுவதும் சேர்ந்து, மனமுவந்து இழப்பை ஏற்கிறது. ஒருவர் தலையில் சுமத்தப்படுவது தியாகமன்று. எல்லாரும் பகிர்வதே தியாகம். நதியைக் காப்பதற்கான செலவு ஆடையை வாங்குவோர், விற்போர், செய்விப்போர் அனைவர்மீதும் பரவ வேண்டும். கூலிக்காரன் மட்டும் அதைச் சுமத்தல் தகாது.

திரும்பும் வழியில் லைன் வீடுகளைக் கடந்து வந்தோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தனர். இரை தேடித் தொலைவிலிருந்து வந்தவர்கள் இவர்களும். இவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சிறுவன் ஒருவன், "சாமி, நான் நூத்திப் பன்னெண்டு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எல்லாம் பறந்துடுச்சு" என்றான். எண்ணி முடிக்க நம்மால் ஆகாது. ஆயினும் எண்ணத்தக்கவை அல்ல என்று எவற்றையும் எவரையும் விட்டுவிடாதிருக்க நம்மால் ஆகும்.