கிழக்கே சாயும் கல்

ஊட்டத்தூர்ப் பக்கம் கருங்கல் முடிகிற இடத்தில் படிவப்பாறை தொடங்குகிறது. அடுக்குகள் கிழக்கே மெல்லச் சாய்ந்து கிடப்பதால் பழையவை மேற்கில், புதியவை கிழக்கில். காரையில் புறப்பட்டு அரியலூர் வழியாகச் செந்துறை போகிறவர் மூன்று கோடி ஆண்டுக்கு மேல் கடந்துவிடுகிறார், நடுவில் டீயும் குடித்துக்கொண்டு.

*

காரையில் களிமண் மேடுகள். புல்லும் சரியாகப் பிடிக்காத மண். மழை அறுத்த ஓடைகளில் ஜிப்சம் வெயிலுக்கு மினுங்குகிறது. குனிந்தால் பென்சில் முனை மாதிரி பெலம்னைட்டுகள்: கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உள்ளோடு. சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன் இங்கே கடல். அன்று சேற்றில் அமுங்கியதால் தப்பியவை இவை. இன்று ஒரு மழை அவற்றை வெளியே எடுக்கிறது. அடுத்த மழை ஓடையில் உருட்டிக்கொண்டு போகிறது.

*

இந்த அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாக வகுத்தவர் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு, 1862இல். பெயர்கள் இன்றும் அவைதான். இங்கே கிடைத்த சிப்பிகளையும் சுருளோட்டு அம்மோனைட்டுகளையும் தொகுதி தொகுதியாக விவரித்தவர் ஸ்டோலிச்கா. 1874இல், 36 வயதில், லடாக் மலைகளில் இறந்தார். அதற்குள் அத்தனையும் எழுதிய வேகம் எனக்குப் பிடிபடவே இல்லை.

*

சாத்தனூர் கல்மரம் 18 மீட்டர். எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அறிவித்தது. எங்கோ கரையில் வளர்ந்து, வெள்ளத்தில் வந்து, கடலடியில் படுத்த மரம். மக்குவதற்குள் மண் மூடியது. பிறகு நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது.

*

கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா என்னும் தடித்த சிப்பிகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டு மூடிக் கிடந்தவை; சிமென்ட் ஆலைக்குப் போகின்றன. குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் சிமென்ட் கூரைக்குக் கீழேதான் தூங்குகிறேன். தவிர, அடுக்குகளை நிமிர்த்தி வைத்ததுபோல் காட்டுவதே சுரங்கத்தின் வெட்டுமுகம்தான். டால்மியாபுரத்தின் பவளச் சுண்ணாம்புக்கல்லை அப்படித்தான் ஆய்வாளர்கள் படித்தார்கள். வெட்டாமல் தெரியாது, வெட்டினால் இருக்காது.

*

2020இல் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று கூட்டம் கூடியது. அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய உருண்டைகள் என்றார்கள் அறிந்தவர்கள். கூட்டம் கலைந்தது. எனக்கென்னவோ அம்மோனைட் ஏமாற்றமாகப் படவில்லை.

*

டைனோசர் வேண்டுமென்றால் கல்லமேடு. கடல் விலகியபின் ஆறு கொட்டிய மண். அதற்குக் கிழக்கே நின்னியூரில் கடல் திரும்பி வந்திருக்கிறது, அப்போது டைனோசர்கள் இல்லை. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர். ஆறரைக் கோடி ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் தாங்கிய எலும்பு, தோண்டிய இடத்திலேயே உதிரத் தொடங்கியது. கட்டிய காப்புறைக்குள்ளும் பொடிந்தது. பிறகு, அது எலும்புதானா, கல்லான மரமா என்றுகூடச் சந்தேகம் கிளம்பியது. பதில் சொல்ல மிஞ்சியவை சில கோட்டுப்படங்கள். அன்று எடுத்த புகைப்படங்கள் 2022இல்தான் அச்சேறின.