கடுகின் காரம் எங்கே இருக்கிறது?

குமணன்சாவடி, பூந்தமல்லிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் வெண்கடுகு கேட்டால் உடனே எடுத்துத் தர மாட்டார்கள். "தூபத்துக்கா, பத்துப் போடவாம்மா?" என்ற கேள்விதான் முதலில் வரும். தூபத்துக்கு என்றால் நாய்க்கடுகு, மருதாணி விதை, சாம்பிராணி எல்லாம் சேர்த்துப் பொட்டலமாகிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது அடுக்குமாடி வீடுகளின் வாசலில் புகையும். மெட்ரோ தூண்களுக்குக் கீழே நடக்கும் இந்த வியாபாரம் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தின் தொடர்ச்சி. புறநானூற்றின் 281-ஆம் பாட்டில், போரில் காயம்பட்டுக் கிடப்பவனைக் காக்க வீட்டில் வேப்பிலை செருகி, ஐயவி தூவி, நறும்புகை எழுப்பும் காட்சியை அரிசில் கிழார் பாடியிருக்கிறார். ஐயவி என்பது வெண்சிறுகடுகு. நெடுநல்வாடையிலோ அது அரண்மனை வாயில் நிலையில் நெய்யோடு அப்பிக்கிடக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கேட்டை விரட்ட இந்தப் பொடி விதையை ஏன் நம்பினார்கள்? காரத்தை நம்பியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று பழமொழியே இருக்கிறதே.

ஆனால் நாலு கடுகை மெல்லாமல் விழுங்கினால் காரம் என்ற பேச்சே இல்லை. முன்பல்லில் வைத்துக் கடித்தால் முதலில் லேசான கசப்பு. கொஞ்சம் பொறுத்துத்தான் சுள்ளென்று மூக்குக்கு ஏறும். அந்தச் சிறு தாமதத்தில்தான் விஷயம் இருக்கிறது. சமையல் கடுகின் விதைக்குள் சினிக்ரின் என்ற பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறு அறைகளிலும் கிடக்கின்றன. இரண்டிலும் காரம் கிடையாது. விதை நசுங்கி ஈரம் படும்போது இரண்டும் கலந்து, அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் அப்போதுதான் பிறக்கிறது. கடிக்க வரும் பூச்சிக்குச் செடி வைத்திருக்கும் பதில் அது. கடிக்காதவருக்கு அது ஒன்றும் சொல்வதில்லை.

தாளிப்பில் நடப்பது இதற்கு நேர் எதிர். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்கிறது. அந்தச் சூட்டில் நொதி செத்துவிடுகிறது. வாசனை மிஞ்சும், காரம் மிஞ்சாது. அடுப்படி முழுக்கத் தெறித்து ஆர்ப்பாட்டம் செய்கிற கடுகு சாதுவானது. வாழைத்தண்டு தயிர்ப் பச்சடிக்காகத் தேங்காயோடும் பச்சைமிளகாயோடும் சத்தமில்லாமல் அரைபடுகிற பச்சைக் கடுகுதான் கண்ணில் நீர் வரவழைக்கும். (மனிதர்களிலும் வெடிப்பவர்களைப் பார்த்தே நாம் பயந்து பழகிவிட்டோம்.) அதே அரவையில் வெந்நீரை ஊற்றினால் காரம் மட்டுப்படும், குளிர்ந்த நீர் விட்டு அரைத்துச் சற்று வைத்தால் ஏறும். ஒரே அஞ்சறைப்பெட்டி, ஒரே கடுகு.

வைத்தியத்திலும் இதே கதைதான். சுளுக்குக்கும் மூட்டுவலிக்கும் கடுகை அரைத்துத் துணியில் தடவிப் பற்றுப் போடுவது நம் வீட்டுப் பழக்கம். ஐரோப்பாவிலும் நெஞ்சுச்சளிக்கு இப்படிப் போட்டார்கள். பிறந்த காரம் தோலை உறுத்த, அந்த இடத்துக்கு ரத்தம் பாய்ந்து சூடு பிடிக்கிறது, வலி மறக்கிறது. கூடுதல் நேரம் விட்டுவைத்தால் அதே காரம் தோலைக் கொப்பளமாக்கிவிடும். பற்றிலுள்ள சரக்கு மாறவில்லை. மாறியது நேரம் ஒன்றுதான்.

அப்படியானால் கடுகு மருந்தா, உணவா, ரணமா என்று விதையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. காரம் விதைக்குள் முடிந்துவைத்த சொத்தல்ல. உடைக்கும் கை, தொடும் நீர், படும் சூடு, பொறுக்கும் தோல் இவற்றோடு சேரும்போதுதான் அது உண்டாகிறது. குணம் என்று நாம் பொருளின் தலையிலும் ஆளின் தலையிலும் எழுதிவைப்பதில் பெரும்பாதி, இப்படி இரண்டுக்கு நடுவே பிறப்பதுதான். பற்றுப் போட்ட பாட்டிகளுக்கு நொதியின் பெயர் தெரியாது. ஆனால் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போக மாட்டார்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து, "எரியுதாடா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டு, துணியின் ஓரத்தைத் தூக்கித் தோல் சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதி வைத்தியம் அந்தக் கேள்வியில் நடந்தது. சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்துக்கும், சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கும் கடுகுப் பற்று ஆகாது என்பதற்குக் காரணமும் அதுவே: எரிந்தாலும் அங்கிருந்து பதில் வராது.