இன்னிக்கு எங்க பாடு இல்ல

சென்னையில் ஒரு பசுமைக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். சூரிய மின்தகடு, மூங்கில் பிரஷ், செக்கு எண்ணெய், மண்புழு உரம் என்று வரிசையாகக் கடைகள். அரங்கில் ஏ.சி. குளிர் தாங்காமல் என் மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வாசலில் 'நீடித்த வாழ்க்கை முறை' என்று பெரிய பதாகை. மூன்று மணி நேரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் செலவழித்து, குறைவாக வாங்கி வாழ்வது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்தோம்.

வாங்கியதில் இரண்டு பொருள் மகளுக்குப் பிடித்துப்போனது. ஒன்று, வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறும் சின்ன விளக்கு. இன்னொன்று, ரோஸ் நிறச் சாயம் ஏற்றிய பனையோலைப் பெட்டி. பழவேற்காட்டுப் பெண்கள் முடைந்தது என்றார் கடைக்காரர். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ஆரம்பித்த கேள்வி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைக் காரில் ஏற்றிவிட்டது.

மீஞ்சூர்ப் பக்கம் போகும்போது வானத்தின் ஓரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன. வல்லூர் மட்டும் 1,500 மெகாவாட். வட சென்னை நிலையம் தனி. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த நிலக்கரிச் சாம்பலுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிற்று என்று படித்திருக்கிறேன். படிக்கும்போது என் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியைப் பற்றி நினைத்ததாக ஞாபகம் இல்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தோம். வாசலில் செதுக்கியிருந்த எலும்புக்கூடுகளைத்தான் பிள்ளைகள் ரசித்தார்கள். 1613-ல் கட்டிய கோட்டை இருந்த இடத்தில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஏரியில் படகில் போகலாம் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தேன், அதுவும் நடக்கவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எங்களைப் போலக் குடும்பத்தோடு வந்தவர்கள். அதன் பிறகு படகுச் சவாரிக்குத் தடை. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அதனால்தான் அந்தப் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். புங்கமர நிழலில், வலையைக் கால் பெருவிரலில் மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலை ஊசியால் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். கண் வலையில் இருந்தது, பேச்சு எங்களோடு.

"படகெல்லாம் போகுதே, நீங்க போகலையா ஐயா?"

"இன்னிக்கு எங்க பாடு இல்ல சார். நாளைக்குத்தான்."

உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நமக்குத் தெரிந்த பாடு வேறு. படாத பாடு படுகிறோம். அவனவன் பாடு அவனவனுக்கு என்கிறோம். இந்த ஏரியில் அந்தச் சொல்லுக்கு ஓர் இடமும் ஒரு நாளும் உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி, கடலுக்கும் ஏரிக்கும் இறால் போய்வருகிற வழியில், கழி ஊன்றி வலை கட்டும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் யாருக்கும் தேறாது. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் என்று முறை வைத்து இறங்குகிறார்கள்; அதுதான் பாடு. ஊருக்குள்ளும் தலைக்கட்டுக் கணக்கில் முறை உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் இதே மாதிரிக் கட்டுவலைக்குச் சீட்டுக் குலுக்கி இடம் பிரிக்கிறார்கள். கரை எதுவானாலும் இறாலும் மனிதனும் ஒன்றுதான் போல.

"இன்னிக்கும் போய் ஒரு வலை கட்டினா என்ன தாத்தா?" மகன் கேட்டான்.

"கட்டலாம் தம்பி. நாளைக்கு அவன் வந்து எங்க எடத்துல கட்டுவான். அப்புறம் ரெண்டு பேரும் வலையப் போட்டுட்டு வாய்ச்சண்டைதான் புடிக்கணும்."

எனக்கு எங்கள் மொட்டைமாடி ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வீடு, ஒரு மாடி. வீட்டுக்கூரையில் 3 கிலோவாட் சூரிய மின்தகடு போட மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது; கண்காட்சியில் அந்த நோட்டீஸை நாலு கடையில் கொடுத்தார்கள். எங்கள் மாடியில் விழும் வெயிலுக்குக் குறைச்சல் இல்லை. இது பற்றி மூன்று கூட்டம் போட்டாயிற்று. தெற்குப் பக்கம் யாருக்கு என்று முதல் கூட்டம் கலைந்தது. வடாம் காய வைக்க இடம் விடணும் என்பதில் இரண்டாவது. மூன்றாவதற்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான மாடி ஆகையால் அதில் இன்று வரை தண்ணீர்த் தொட்டியும் உடைந்த நாற்காலியும் மட்டும் வெயில் காய்கின்றன. ஏரியும் எல்லோருக்கும் பொதுதான். இவர்களும் சண்டை போட்டிருப்பார்கள், அதுவும் தலைமுறை தலைமுறையாக. ஆனால் சண்டையின் முடிவில் நாள் குறித்துக்கொண்டார்கள்.

கண்காட்சிப் பதாகையில் இருந்த 'முறை' என்ற சொல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழ்க்கை முறை என்று நாம் சொல்லும்போது அது நமக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளும் விதம். இவர்கள் முறை என்றால் அதில் இன்னொருவனுடைய நாளும் இருக்கிறது. தன் நாள் அல்லாத நாளில், எதிரில் இன்னொருவன் வலையில் இறால் விழுவதைப் பார்த்துக்கொண்டு கிழிசல் முடிந்துகொண்டிருக்க வேண்டும். மூங்கில் பிரஷ்ஷில் பல் துலக்குவது எவ்வளவோ சுலபம்.

இப்படி உருகிக்கொண்டிருந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்துகொண்டிருந்த ஓர் இருளர் பெண்ணை மனைவி காட்டினாள். சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான் இந்த ஏரி. வலை இல்லை, படகு இல்லை. இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவுகிறார். ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருக்கிறார். அகப்பட்ட இறால் அதற்குள் போகிறது. ஒரு சொட்டு டீசல் கிடையாது. நாங்கள் பார்த்த கண்காட்சி மொத்தமும் அந்தப் பறிக்குள் அடங்கிவிடும் என்று தோன்றியது.

"அவங்களுக்கும் பாடு உண்டா?" என்று மனைவி பெரியவரிடம் கேட்டாள்.

"அது எப்படிம்மா? பாடு எங்க ஊருங்களுக்கு" என்றார், ஊசியை நிறுத்தாமல்.

பாடு முறையில் பங்கு பட்டினவர் என்ற மீனவச் சாதி ஆண்களுக்குத்தான். இருளருக்கு இல்லை, பிற சாதியாருக்கு இல்லை, பெண்களுக்கும் இல்லை. நாள் குறிக்கத் தெரிந்தவர்கள், யாரை உட்கார வைத்துக் குறிப்பது என்பதில் நம்மைப் போலத்தான். மனைவியின் கேள்வி வரும்வரை எனக்கும் அது தோன்றவில்லை. மாடிக் கூட்டத்துக்கு எங்கள் காவலாளியை நாங்கள் கூப்பிட்டதில்லை, அவர் குடும்பத்தோடு அங்கேயேதான் குடியிருக்கிறார்.

முறை இல்லாமல் வருகிறவையும் உண்டு. மணல் வந்து முகத்துவாரத்தை அடைக்கும்போது அன்றைய பாடு யாருடையது என்று கேட்பதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். அந்த நாள் எந்தக் குப்பத்துக் கணக்கிலும் சேராது. தெற்கே கரையோரமாகத் துறைமுகங்கள் வந்துவிட்டன. ஏரிக்குள் ஒருவரை ஒருவர் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள், வெளியிலிருந்து வருவதை என்ன செய்ய முடியும்? பெரியவரிடம் இதைக் கேட்டேன். வலையை உதறி மடித்தார். "காத்து மாறுது சார், கெளம்புறதுன்னா கெளம்புங்க" என்றார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. மீஞ்சூர் அருகே புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. பிள்ளைகள் ஏ.சி. காற்றில் தூங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மகள் அந்தச் சூரிய விளக்கை அழுத்திப் பார்த்தாள்; எரியவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த நாளிலிருந்து ஷெல்ஃபிலேயே இருந்திருக்கிறது. காலையில் அதை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் வைப்பது யார் முறை என்று அண்ணனும் தங்கையும் அன்றைக்கே ஆரம்பித்தார்கள். இன்னும் முடிவாகவில்லை.