இரத்தம் சொல்லும் இரகசியம் யாருக்கு அமானத்து?

தலசீமியா என்றோர் இரத்த நோய் உண்டு. அது கடுமையாகப் பீடித்த பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஆனால் அதன் வித்தை மட்டும் சுமப்பவரோ திடகாத்திரமாக உலவுவார், அவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை நோயோடு பிறக்க நாலில் ஒரு பங்கு இடமிருக்கிறது.

சவூதி அரேபியாவில் 2004 முதல் நிக்காஹுக்கு முன் இரு தரப்பாரும் இந்நோய்க்கும் அரிவாள் செல் நோய்க்கும் இரத்தம் சோதித்துச் சான்று பெற வேண்டும். சாதாரணச் சோதனையில் ஐயம் எழுந்தால், மூலக்கூறுப் பரிசோதனைக்கூடம் டி.என்.ஏ.யில் வேண்டிய துண்டை மட்டும் பி.சி.ஆர். முறையில் கோடிக்கணக்காகப் பெருக்கிப் பிழை எங்கே என்று பார்த்துவிடும். முடிவு எதுவாயினும் மணக்கத் தடையில்லை. தீர்மானம் மணமக்களுடையது.

இது தவக்குலுக்கு முரணல்லவா என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். மருந்துண்பது முரணில்லையென்றால் இதுவும் இல்லை. கடினமான கேள்வி வேறு: தெரிந்ததை யாரிடம் சொல்வது?

“அவள் இரத்தத்தில் கோளாறாம்” என்ற பேச்சு தெருவில் இறங்கிவிட்டால், தங்கைமாருக்கும் வரன் வராது. (ஆண்பிள்ளையைப் பற்றிய பேச்சு ஏனோ அவ்வளவு தூரம் நடப்பதில்லை, வித்து இருவரிடமும் ஒன்றுதான்!) ஆகவே பெற்றவர்கள் மறைக்க நினைப்பதில் வியப்பில்லை. ஆயினும் மறைத்து முடிக்கும் நிக்காஹ், நம்பி வந்தவரை ஏமாற்றுவதாகும்.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள், தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் கூறியபோது, அவ்விருவரின் குறைகளையும் அண்ணலார் மூடாமல் எடுத்துரைத்து, வேறொருவரை மணக்கச் சொன்னார்கள். அது புறம் பேசுவதாகாது. மணக்கப் போகிறவருக்கு, மணம் பற்றிய காரியத்துக்காக மட்டும் சொல்லப்பட்டது. நமக்கும் இதுவே அளவு என்பது என் கருத்து.

சொல்பவருக்கு மட்டுமல்ல, கேட்பவருக்கும் பொறுப்புண்டு. சம்பந்தம் முறிந்த பிறகும் அந்தச் செய்தி கேட்டறிந்த வீட்டாரிடம் அமானத்தே. ஏன் முறிந்தது என்று அண்டை வீட்டார் துருவினால், “ஒத்துவரவில்லை” என்றால் போதும். பரிசோதனைக்கூடத்துச் சிப்பந்திக்கும் இந்தக் கடமை உண்டு.

முறிப்பதற்கு முன் மருத்துவரையும் கேட்க வேண்டும். ஒருவர் மட்டும் சுமப்பவராக இருந்து, மற்றவரிடம் இத்தகைய கோளாறு எதுவும் இல்லையென்றால், பிள்ளைக்கு அந்நோய் வராது. இதை அறியாமல் “ரிப்போர்ட் சரியில்லை” என்று தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பும் வீட்டார், குற்றமில்லாத ஒரு பெண்ணை வீணாக நோகடிக்கிறார்கள்.