ஊர் என்றால் யார்?

சட்டத்தைக் காக்கும் பொறுப்பில் இருக்கிறவர் ஊராரோடு நெருங்கிப் பழக வேண்டுமா, எட்டியே நிற்க வேண்டுமா? கேட்பதற்குச் சாதாரணக் கேள்விதான். ஆனால் யோசிக்க யோசிக்க அதன் அடியில் பெரிய தர்மசங்கடம் ஒன்று இருப்பது தெரிகிறது. அமெரிக்க நாட்டுப்புறங்களில் ஷெரீப் என்று ஓர் அதிகாரி இருக்கிறாரே, அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

ஷெரீப் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. சென்னை நகரத்திலும் ஒரு காலத்தில் ஷெரீப் இருந்தார். அது வெறும் கௌரவப் பதவி. ஊரில் பெயர் பெற்ற பிரமுகர் ஒருவருக்கு மாலை போடுவது போல அளிக்கப்பட்டது. அமெரிக்க ஷெரீப்பின் கதை வேறு. அவருடைய பாட்டனார் இங்கிலாந்தில் இருந்தார் என்று சொல்லலாம். 'ஷயர்' என்னும் நாட்டுப் பகுதிக்கு அரசன் சார்பில் இருந்த 'ரீவ்' என்னும் அதிகாரி. இரண்டு சொற்களும் சேர்ந்து தேய்ந்துதான் 'ஷெரீப்' பிறந்தது. ராபின் ஹூட் கதையில் ஏழைகளை வாட்டும் நாட்டிங்ஹாம் ஷெரீப்பை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் அரசனுடைய ஆள். அந்தப் பதவி கடல் கடந்து போனபின் தலைகீழாக மாறியது. அரசன் நியமித்தவரை மக்களே தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த நாட்டில் ஏறத்தாழ 3,000 ஷெரீப்புகள் இருக்கிறார்கள். ஒரு சில மாநிலங்கள் நீங்கலாக, எல்லாரும் வாக்குச் சீட்டினால் வந்தவர்கள். பெரும்பாலான இடங்களில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஊராரிடம் கைகூப்பி நிற்க வேண்டியவர்கள்.

அவருடைய ஆட்சி எல்லைக்குக் 'கவுண்டி' என்று பெயர். நம் தாலுகாவுக்கும் ஜில்லாவுக்கும் இடைப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ரோந்து சுற்றுவது, சிறைச்சாலையைப் பராமரிப்பது, கோர்ட்டில் காவல் நிற்பது, நோட்டீசுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வாடகை பாக்கிக்காகக் கோர்ட்டு உத்தரவிட்டால், குடியிருப்பவரை வீட்டிலிருந்து வெளியேற்றுவதும் அவர் வேலைதான். சென்ற தேர்தலில் தமக்கு வாக்களித்த மனிதரின் கட்டிலையும் பாத்திரங்களையும் தெருவில் வைத்துவிட்டு வர வேண்டும். அடுத்த வாரம் அதே மனிதரைக் கடைத்தெருவில் சந்திக்கவும் வேண்டும். உற்றார் என்றும் ஊரார் என்றும் பாராமல் கடமையைச் செய் என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தக் கடைத்தெருவில் நடந்து பார்த்தால் தெரியும்.

இருந்தும் நெருக்கம் இல்லாமல் அங்கே காரியம் நடக்காது. கவுண்டி பரந்தது, ஆட்கள் சிலரே. ஒரு மூலையில் ஆபத்து என்றால் மறு மூலையிலிருந்து துணை ஷெரீப் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆகும். ஊரார் முன்வந்து சொன்னால்தான் திருட்டு துலங்கும். நம்பிக்கை இருந்தால்தான் சாட்சி வாய் திறக்கும். ஆகவே ஷெரீப்புகள் பலர் இதற்கென்றே முயற்சி எடுக்கிறார்கள். தனியாக வாழும் முதியவர்களுக்கு நாள்தோறும் டெலிபோன் செய்து நலம் விசாரிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏழைக் குழந்தைகளைக் கடைக்கு அழைத்துப் போய் வேண்டியதை வாங்கிக் கொடுக்கிறார்கள். காப்பிக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் குறைகளைக் கேட்கிறார்கள். இவற்றையெல்லாம் வாக்கு வேட்டை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. டெலிபோனை யாரும் எடுக்காத ஒரு காலை வேளையில், கதவை உடைத்துப் போய் ஒரு கிழவியின் உயிரைக் காப்பாற்ற முடியுமானால், அந்த விசாரிப்பு புண்ணியம்தானே?

இப்படி ஊரோடு ஒன்றிய ஷெரீப்பை அமெரிக்கர்கள் எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1960 முதல் 1968 வரை அவர்கள் தொலைக்காட்சியில் 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' என்று ஒரு தொடர் வந்தது. வட கரோலினா மாநிலத்தில் மேபெரி என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அங்குள்ள ஷெரீப் சாதாரணமாக இடுப்பில் துப்பாக்கி கட்டுவதில்லை. எல்லாரையும் பெயர் சொல்லி அழைப்பார். சண்டைக்காரர்களைச் சிரித்துப் பேசியே சமாதானம் செய்துவிடுவார். கோடிக்கணக்கானவர்கள் அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். ஆனால் தென்னாட்டுச் சிற்றூரான அந்த மேபெரியில் கறுப்பின மனிதர் ஒருவர் வாய் திறந்து பேசுவதைக் காண்பது அரிதிலும் அரிது. எட்டு ஆண்டுகளும் அப்படித்தான். எல்லாரையும் அறிந்த அந்த நல்ல ஷெரீப்பின் ஊரில், 'எல்லாரும்' என்ற சொல்லுக்கு ஒரு வேலி இருந்தது.

அதே ஆண்டுகளில் வேலிக்கு வெளியே நடந்ததையும் பார்ப்போம். அலபாமா மாநிலத்தில் டல்லாஸ் கவுண்டி; அதன் தலைமையூர் செல்மா. அங்கே ஜிம் கிளார்க் என்பவர் ஷெரீப். ஊராரோடு தொடர்பில்லாதவர் என்று அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஊர்க்காரர்களையே திரட்டி, குதிரையும் தடியுமாக ஒரு தொண்டர் படையை வைத்திருந்தார்! அந்தக் கவுண்டியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பின மக்கள். வாக்காளர் பட்டியலிலோ அவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தாம். வாக்குரிமை கேட்டு அவர்கள் திரண்டபோது, 'ஒருபோதும் இல்லை' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைப் பொறித்த வில்லையை அவர் சட்டையில் குத்திக்கொண்டார். 1965 மார்ச் 7-ஆம் தேதி, பாலத்தைக் கடந்து அமைதியாக ஊர்வலம் வந்தவர்களை மாநிலப் போலீசாரும் இந்தத் தொண்டர் படையும் சேர்ந்து அடித்து விரட்டினார்கள்.

அதற்கு முந்திய ஆண்டு, 1964 ஜூனில், மிஸிஸிப்பி மாநிலத்து நெஷோபா கவுண்டியில் இன்னும் கொடுமை. வாக்குரிமைத் தொண்டுக்குப் போன மூன்று இளைஞர்களைத் துணை ஷெரீப் ஒருவர் கைது செய்து சிறையில் வைத்தார். இரவில் விடுவித்தார். விடுவித்தவரே மறுபடி துரத்திப் பிடித்துக் கொலைகாரர்கள் கையில் ஒப்படைத்தார். நாற்பத்து நான்கு நாட்களுக்குப் பிறகு, ஒரு மண் அணைக்கு அடியிலிருந்து அவர்களுடைய உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். 1967-இல் அந்தத் துணை ஷெரீப் தண்டனை பெற்றார். அவரும் அவ்வூரில் அந்நியர் அல்லர். கொலை செய்தவர்களோடு அவருக்கு இருந்த தொடர்பு மிக நெருங்கிய தொடர்பு.

அப்படியானால் நெருக்கமே குற்றமா? எங்கிருந்தோ வந்த, முகம் தெரியாத அதிகாரிதான் நல்லவரா? நான் அப்படி நினைக்கவில்லை. செல்மாவின் நோய் நெருக்கத்தால் வந்ததன்று. பாதி ஊரை ஊர் என்றே எண்ணாததால் வந்தது. இதற்கு அத்தாட்சி அடுத்த தேர்தலிலேயே கிடைத்தது. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1966-இல், புதிதாகப் பட்டியலில் ஏறிய கறுப்பின மக்களும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். கிளார்க் தோற்றார். அதே ஆண்டு, அதே மாநிலத்தில், மேக்கன் கவுண்டியில் லூசியஸ் அமர்சன் என்ற கறுப்பர் ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நாட்டு உள்நாட்டுப் போருக்கு அடுத்து வந்த காலத்திற்குப் பிறகு தென் மாநிலங்களில் அப்படி ஒருவர் வந்தது அதுவே முதல் தடவை. பதவியும் தேர்தலும் பழையவைதாம். ஊர் என்ற சொல்லின் பொருள்தான் விரிந்திருந்தது.

வாக்குப் பெட்டி எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று முடித்துவிட முடியுமா? கதை படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு நாவல் நினைவுக்கு வரும். ஹார்ப்பர் லீ எழுதி 1960-இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. அதில் ஹெக் டேட் என்று ஒரு ஷெரீப் வருகிறார். வீட்டை விட்டே வெளியே வராத ராட்லி என்னும் மனிதர், இரவில் இரண்டு குழந்தைகளைக் கொல்ல வந்த குடிகாரனைத் தடுக்கிறார், குடிகாரன் சாகிறான். அவன் தன் கத்தியிலேயே விழுந்து செத்தான் என்று ஷெரீப் அடித்துச் சொல்லி, விசாரணைக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறார். ஊரெல்லாம் ராட்லியை மொய்த்துக்கொண்டு புகழும். கூச்சமே உருவான அந்த மனிதரால் அதைத் தாங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவரால்தான் இந்தக் கருணையைக் காட்ட முடியும்.

அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது என் நெஞ்சு நிறைகிறது. கூடவே பயமும் வருகிறது. கொலையை விபத்து என்று எழுதும் அதே பேனாதானே நெஷோபாக்களிலும் இருந்தது? வித்தியாசம் ஒன்றே ஒன்று. டேட் உண்மையை மறைத்தது, தமக்கு வாக்குத் திரட்டித் தர வகையில்லாத தனி மனிதர் ஒருவருக்காக. மறைத்ததால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால், குற்றமற்ற கறுப்பர் ஒருவரைக் கைது செய்து அதே நாவலில் கூண்டில் ஏற்றியவரும் அவரேதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நல்லவருடைய நெருக்கம்கூட எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை.

இன்றும் அமெரிக்கப் பண்ணைகளில் பழம் பறித்தும் மாடு கறந்தும் பிழைக்கும் குடியேறிகளில் பலருக்கு அங்கே வாக்கு இல்லை. தங்கள் குடிசையில் திருடு போனாலும், பெண் ஒருத்தி அடிபட்டாலும், ஷெரீப்பிடம் போனால் நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி வாய் மூடி இருக்கிறவர்கள் உண்டு. ஷெரீப் காப்பிக் கடையில் உட்காரட்டும், குழந்தைகளுக்குப் பரிசும் கொடுக்கட்டும், எல்லாம் நல்லதே. ஆனால் அவர் ஊரோடு ஒன்றியவரா என்பதை அந்தக் கடையில் கூடுகிறவர்களிடம் கேட்டு நான் தீர்மானிக்க மாட்டேன். வாக்கும் உறவும் இல்லாத ஒருத்தி, நடுராத்திரியில் அவருடைய கதவைப் பயமில்லாமல் தட்டுவாளா என்றுதான் கேட்பேன்.